அலமாரியில் மாஸ்டரின் பாதி

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அலமாரிச் சோதனை. மற்ற வீட்டு ஆண்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் நேரத்தில், டிரைவிங் மாஸ்டர் முகம் கழுவி, தலை சீவி, கட்டிலுக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நிற்பார். அவர் மனைவி அலமாரியின் வலது கதவைத் திறப்பாள். இடது பாதி அவளுடையது. அதைச் சோதிக்க ஆளும் கிடையாது, அவசியமும் கிடையாது. வலது பாதி மாஸ்டருடையது என்று பேர்தான். ஒவ்வொரு ஹேங்கராக உருவி எடுத்து, "இதைக் கடைசியா எப்ப போட்டீங்க?" என்று கேட்பாள். கேட்ட மாத்திரத்தில் பதில் வர வேண்டும். யோசித்தால் போச்சு, சட்டை கட்டில் மேல் விழும். கட்டிலில் விழுந்த சட்டை மறுபடி ஹேங்கர் ஏறியதாகச் சரித்திரமே இல்லை.

அந்தம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. மேல்மாடி அறைகள் முழுவதும் அவள் பொறுப்பு. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அவளுடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் வேலைக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, கக்கூஸ் கழுவும் வேலையில் சேர்ந்து, யார் காலிலும் விழாமல் சூப்பர்வைசராக வந்தவள். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வேலை முடிந்து வரும்போது அதை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வரத் தெரியவில்லை, அவ்வளவுதான் குறை. அந்தக் குறை மாஸ்டரின் தலையில் விடிந்தது.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் ஒற்றை பிரேக்கை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளையெல்லாம் முட்டாமல் மோதாமல் கரை சேர்த்தவர். ஸ்டீயரிங் எப்போதும் அடுத்தவர் கையில்தான். வீட்டிலும் அதே ஏற்பாடு, பிரேக் மட்டும் கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் போடுவார். படுக்கையறை ஜன்னலோரம் முன்பு ஒரு நாற்காலி இருந்தது. அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் அவர் வேலை விட்டு வந்தபோது நாற்காலியே இல்லை. "நாற்காலி இருந்தாத்தானே போடுவீங்க?" என்றாள். மாஸ்டர் சட்டையைக் கையில் பிடித்தபடி நடு அறையில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஹேங்கரைத் தேடிப் போனார்.

நாற்காலியோடு நின்றிருந்தால்கூடச் சகித்திருப்பார். மகள் வெளியூரில் வேலை கிடைத்துப் போனதும், அவள் அறையையும் அந்தம்மா ஒழித்துக் கட்டினாள். கட்டில், மேஜை, சின்ன வயசிலிருந்து சேர்த்த பொம்மைகள், பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள் எல்லாம் போயின. அந்த இடத்தில் விரிப்புகளையும் துண்டுகளையும் அடுக்க சுவர் முழுக்கத் தட்டுகள் வந்தன. லீவுக்கு வந்த மகள் பெட்டியோடு வாசலில் நின்று அந்தத் தட்டுகளைப் பார்த்தாள். அம்மாக்காரி சிரித்த முகமாக, தன் ஹோட்டலிலேயே அவளுக்கு ஓர் அறை சொல்லி வைத்திருப்பதாகவும், வெளியே அழகான தோட்டம் தெரியும் என்றும் சொன்னாள். மகள் ஒரு ராத்திரி அங்கே தங்கிவிட்டு ஊருக்குப் போனவள்தான், பிறகு வரவே இல்லை. மாஸ்டரால் அதை மறக்கவே முடியவில்லை. ஏனென்றால் மகளின் கட்டிலை மாடியிலிருந்து இறக்கியபோது ஒரு முனையைப் பிடித்தது அவர்தான். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. "மெதுவா, சுவத்துல இடிச்சிடப் போகுது" என்றுதான் சொன்னார். தன்னை நினைத்தாலே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

இப்படியிருக்கையில், டிரைவிங் ஸ்கூலில் கூட வேலை பார்க்கும் இன்னொரு மாஸ்டர் சொந்த ஊரோடு போய்விடத் தீர்மானித்தார். ஊரின் மறுகோடியில் ஒரு மொட்டை மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர் அவர். ஒருநாள் டீ குடிக்கலாம் என்று மாஸ்டரை அங்கே கூட்டிப் போனார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கை உடைந்த நாற்காலி. நாற்காலி மேல் சட்டைகள், சட்டைகள் மேல் பேண்ட், அதற்கும் மேல் ஈரத் துண்டு. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாசக் கடைசியில் அறை காலியாகிறது என்று நண்பர் சொன்னதும், யோசிக்கவே இல்லை, தனக்கு வேண்டும் என்றார். இன்னொரு சாவி இருந்தது. அதை நண்பர் அப்போதே கொடுத்தும் விட்டார்.

அறை கிடைத்துவிட்டது. அதை அவளிடம் சொல்ல வேண்டுமே. அதை நினைத்தாலே மாஸ்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காரில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, "நான் போறேம்மா, என்னை விட்டுடு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பெண் பதறிப்போய், "எந்தப் பக்கம் போகணும் மாஸ்டர், லெஃப்டா ரைட்டா?" என்று கேட்டாள்.

ஆகவே மனுஷன் பேச்சு வேண்டாம், செயல் போதும் என்று முடிவு செய்தார். சொல்லாமல் கம்பி நீட்டுவது. அதுவும் ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைத் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டு மூன்று சட்டை, ஒரு ஸ்வெட்டர் எடுத்து ஒரு பையில் போட்டார். இதெல்லாம் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அனாதை இல்லத்தில் கொடுத்துவிடலாம் என்று சொன்னார். அவள் ஹேங்கரைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவரை அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டாள்.

பையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் அனாதை இல்லத்துக்குப் போகவில்லை. அந்தக் கட்டடத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் வீட்டுக்கொரு கம்பிக் கூண்டு உண்டு, வேண்டாத சாமானைப் போட்டு வைக்க. மற்ற கூண்டுகளில் உடைந்த சைக்கிளும் ஓட்டை வாளியும் பிதுங்கும். இவர்கள் கூண்டு மட்டும் துடைத்து விட்ட மாதிரி காலியாக இருக்கும். காலிக் கூண்டை யார் போய் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பையை அதன் மூலையில் தள்ளி, மேலே ஒரு பழைய அட்டையைப் போட்டு மூடினார். மாசக் கடைசியில் ஒரு வண்டி வைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவது என்பது திட்டம். கூண்டுக்குள் ஒரு பை சேரச் சேர அவர் மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது.

இதில் அவர் எதிர்பார்க்காத ஒரு வேதனை இருந்தது. அந்தம்மா மாறிவிட்டாள். பை இறங்க இறங்க அவளுக்குப் பாசம் ஏறியது. அவர் வேலை விட்டு வந்தால் அவளே டீ போட்டுக் கொடுத்தாள். முழங்கால் வலி என்றால் கீழே உட்கார்ந்து மருந்து தேய்த்துவிட்டாள். ஹோட்டல் பெண்களிடம், எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்துக்கோங்க என்று பெருமை அடித்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலக் கட்டிலருகே கை கட்டி நின்றவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, இனி அவருக்குச் சோதனை தேவையில்லை என்று சொல்லிவிட்டாள். மாஸ்டருக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட அரைமனசாக நினைத்தார். அந்த வாரம் பை எதுவும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வாரம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். முகம் தொங்கிப்போயிருந்தது. அவளுக்குப் பிடித்தது தன்னை அல்ல, தான் குறைந்துகொண்டே வருவதை என்று மாஸ்டருக்கு அப்போது உறைத்தது. மறுநாளே இரண்டு பையாகக் கட்டினார்.

பழைய துணி மட்டும் போதுமா? தனிக்குடித்தனம் அல்லவா? ஒரு டம்ளர், ஒரு தட்டு, புது சோப்பு டப்பா, புது விரிப்பு என்று வேலை விட்டு வரும் வழியில் வாங்கி வாங்கி நேரே கூண்டில் கொண்டுபோய் வைத்தார். கடைசியாக ஒரு தலையணை வாங்கினார். கடையில் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தபோது, கல்யாண மாப்பிள்ளைக்குரிய வெட்கம் அவர் முகத்தில் இருந்தது. அறைச் சாவியை ஒரு காலுறைக்குள் போட்டுச் சுருட்டி, சட்டைகளுக்கு நடுவே செருகி வைத்தார். சட்டைப் பையில் வைத்தால் அவள் துவைக்கும்போது கையில் அகப்பட்டுவிடும் என்ற பயம். அதன்பிறகு, யாராவது பார்த்துவிட்டால் என்று, கூண்டுப் பக்கமே போகவில்லை. இத்தனைக்கும் பிறகு அலமாரியில் மிஞ்சியது ஒரு நீலச் சட்டை, ஒரு பேண்ட். அதுவரை துவைத்துத் துவைத்துப் போட, போகிற நாளிலும் போட்டுக்கொள்ள.

போகிற நாள் வந்தது. அவளுக்கு அன்று காலை டியூட்டி. அவள் கிளம்பிப் போனதும் குளித்து, உடுத்தி, மத்தியானத்துக்குள் மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும். போய்ச் சேர்ந்து, நாற்காலியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவளுக்குப் போன் செய்ய வேண்டும். நேரில் வராத தைரியம் போனில் வரும் என்று நம்பினார். அதுவும் வராவிட்டால் மகளை விட்டுச் சொல்ல வைக்கலாம் என்று ஒரு கேவலமான யோசனையும் உள்ளே இருந்தது.

காலையில் அவள் சீருடை போட்டுக்கொண்டு, சாப்பாடு மூடி வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. மாஸ்டர் நீலச் சட்டையையும் பேண்ட்டையும் எடுத்தார். அவற்றையும் கழற்றிய லுங்கியையும் கட்டில் மேல் வீசினார். சட்டையின் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதை வேண்டுமென்றே அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். குளிக்கும்போது பாட்டுக்கூட வந்தது. அந்த வீட்டுக் குளியலறை அவர் பாட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இடுப்பில் துண்டோடு வெளியே வந்தவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலில் துணியைக் காணோம். விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. அலமாரியின் வலது கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே வெறும் ஹேங்கர்கள். ஜன்னலோரம், முன்பு நாற்காலி இருந்த இடத்தில், அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மடித்த துணி எதையோ மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். உள்ளே எங்கோ வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

டியூட்டிக்குப் போகவில்லையா என்று மாஸ்டர் கேட்டார். லீவு போட்டுவிட்டதாகச் சொன்னாள். கட்டிலில் துணி கிடந்ததாம், அழுக்கு என்று நினைத்து மெஷினில் போட்டுவிட்டாளாம்.

மாஸ்டரின் மூளை வேகமாக ஓடியது. கீழே கூண்டில் அத்தனை சட்டை இருக்கிறது. துண்டோடு படியிறங்கினால்கூடப் பரவாயில்லை, யாராவது பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவதாக முணுமுணுத்தபடி வாசல் பக்கம் திரும்பினார்.

"கீழ போக வேண்டாங்க" என்றாள் அவள். "அங்க ஒண்ணும் இல்ல."

அவள் குரல் உயரவில்லை. ஹோட்டலில் விருந்தாளியிடம் பேசுகிற அதே பதமான குரலில், நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். போன வாரத் தொடக்கத்தில், கூண்டில் எலி ஓடுகிறது என்று காவல்காரர் வந்து சொன்னாராம். காலிக் கூண்டில் எலிக்கு என்ன வேலை என்று பார்க்கப் போனாளாம். பைகளைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்ததாம். பாவம், அனாதை இல்லம் வரை தூக்கிப் போகச் சோம்பல்பட்டு இங்கேயே போட்டுவிட்டார், நாமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம். கொடுக்குமுன் ஒருமுறை துவைத்துவிடலாம் என்று பையைத் திறந்தாளாம்.

"வேண்டாத துணியைக் கழிக்கிற மனுஷன் புதுத் தலகாணி வாங்க மாட்டான்" என்றாள். "அந்தத் தூசியிலயே உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியல."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன வாரக் கடைசியில் தன் முழங்காலுக்கு அவள் மருந்து தேய்த்துவிட்டது ஞாபகம் வந்தது. அப்போதே இவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் தேய்த்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, அனாதை இல்லத்தில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளாம். அவர் சொன்ன இடத்துக்குத்தானே போக வேண்டும்? ஒரு சட்டை விடவில்லை. தலையணையைத் தட்டிச் சரிசெய்து ஒரு பையனிடம் கொடுத்தாளாம். அவன் அதைக் கட்டிக்கொண்டு ஓடினானாம். காலுறைக்குள் இருந்த சாவி மட்டும் தங்களுடையது இல்லையே, அதைக் கொடுக்க மனசு வரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் விசாரித்து, உடையவரிடமே சேர்த்துவிட்டாள். அந்த மனுஷன் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாராம், மாஸ்டரிடம் மூச்சு விட மாட்டேன் என்றாராம். அவரோடு போய் அறையையும் பார்த்துவிட்டு வந்தாளாம். ஊருக்குக் கிளம்புகிறவருக்கு உதவியாக அதையும் ஒழித்துக் கொடுத்தாளாம். நாற்காலிதான் எதற்கும் லாயக்கில்லை என்று குப்பை வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்றாம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மடிச்சு அடுக்கிக் குடுத்திருப்பேனே" என்றாள். சொன்னபோது அவள் குரல் லேசாக உடைந்தது. மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்கள் சிவந்திருந்தன. பல நாள் அழுத கண்கள். நான் இவளை இவ்வளவு வதைத்திருக்கிறேனா என்று அவருக்குத் திடுக்கென்றது. அடுத்த கணமே, இவள் என் சட்டைகளைப் பொடியாக்கி ஊதிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததால் இரண்டில் எதையுமே அவரால் சொல்ல முடியவில்லை.

அவள் மார்போடு பிடித்திருந்த துணியை நீட்டினாள். சாம்பல் நிறச் சட்டை ஒன்று, அதற்கேற்ற பேண்ட் ஒன்று. புதுசு. அவருடைய அளவு.

"இது உங்களுக்குத்தான்" என்றாள். "நான் ஒண்ணும் உங்களைக் கட்டிப் போடல. ரூம் அந்த ஒண்ணுதானா, ஊர் முழுக்கக் கிடக்கு. எங்கேயாவது போகணும்னா என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இதைப் போட்டுக்கிட்டு இப்பவே போங்க. நானே வாசல் வரைக்கும் வர்றேன்."

மெஷின் ஓடி நின்றது. அவள் துணியை நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. சொன்னால் விடுவாள். இத்தனை நாள் கார் சிக்னலில் சொல்லிப் பழகிய வார்த்தைதான். மேலே ஒன்றும் சேர்க்க வேண்டாம். வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. அவள் காத்திருந்தாள். கொஞ்சம் முன்னால் வந்துகூட நின்றாள், காது கேட்காதவர்களுக்கு எதிரே வந்து நிற்பது போல.

"எங்கேயாவது போகணுமா?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"இல்ல" என்றார் மாஸ்டர்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அவர் சொல்லிவிடுவார் என்று அவளும் உள்ளுக்குள் எங்கோ எதிர்பார்த்திருக்க வேண்டும். இப்போது அந்த எதிர்பார்ப்பும் போய், காலம் பூராவும் கூட வைத்துக்கொள்ள வேண்டிய பொருளைப் பார்க்கிற அலுப்பு மட்டும் இருந்தது.

"அப்ப சட்டை எதுக்கு?" என்றாள். சாம்பல் சட்டையை ஹேங்கரில் மாட்டி, தோளைச் சமமாக இழுத்துவிட்டு, அலமாரியின் வலது பாதியில் நடுவாகத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தினாள்.

மாஸ்டர் துண்டோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"எந்திரிங்க" என்றாள். "மெத்தை நனையுது."

அவர் எழுந்துகொண்டார்.